பதிப்பும் பொறுப்பும்: சிறு லினக்ஸ் வழங்கல்கள் பற்றிய ஒரு நோக்கு

நூலொன்றின் வரலாறு அதனை ஆக்கியோனுடன் முடிந்துவிடுவதில்லை. ஏட்டுச் சுவடிகளிலே கிடந்த கலித்தொகையை 1887ஆம் ஆண்டிலே சி. வை. தாமோதரம்பிள்ளை அச்சேற்றியபோது, அவர் புதிதாக ஒரு பாடலையேனும் இயற்றினாரல்லர். எனினும் அந்நூல் கற்போர் கைக்கு எட்டியது அவரது உழைப்பினாலேயே. கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்குதல், பாடபேதங்களுள் ஒன்றைத் தெரிதல், சிதைந்த இடங்களை ஆராய்தல், வெளியிட்ட பதிப்புக்குத் தம் பெயரைக் கொடுத்து அதன் நிறைகுறைகளுக்குப் பொறுப்பேற்றல் ஆகியன பதிப்பாசிரியரின் பணிகள். இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டதே தலையாயது எனலாம்.

கணினியுலகிலே இப்பணியை ஒத்த ஒன்று கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகின்றது. 1983இல் றிச்சட் ஸ்டோல்மன் தொடக்கிய குனூ இயக்கமும், 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் என்னும் கருநிரலும் யாவர்க்கும் பொதுவான மூலங்களை உலகுக்கு அளித்தன. அவற்றை எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம், விற்கவும் செய்யலாம். ஆயின் கருநிரல் மட்டும் கொண்டு எவரும் ஒரு கடிதந்தானும் எழுதிவிட இயலாது. கருநிரலையும் நூற்றுக்கணக்கான பிற மென்பொருள்களையும் தேர்ந்து, ஒன்றோடொன்று பொருந்தச் செய்து, நிறுவத்தக்க ஒரு முழுமையாக ஆக்கித் தருவதையே வழங்கல் என்பர். எனவே வழங்கல் என்பது ஒரு பதிப்பே. அதனை ஆக்குவோர் பதிப்பாசிரியரே. மூலம் எல்லார்க்கும் இலவசமாகக் கிடைக்குமாயின், சிறு வணிக நிறுவனங்கள் தம் வழங்கலுக்குக் கேட்கும் விலை எதற்குரியது? அவ்விலையைக் கொடுக்கும் மேசைக் கணினிப் பயனர் எதனை எதிர்பார்க்கின்றார்? இவ்விரு வினாக்களும் உண்மையிலே ஒரே வினாவின் இரு பக்கங்களாகும்.

இவ்வினாவுக்கு விடை காணுமிடத்து, கலிபோர்னியாவினதோ பாரிசினதோ வாடிக்கையாளரை அளவுகோலாகக் கொள்வதிலும் பார்க்க, யாழ்ப்பாணத் தீவகத்து அனலைதீவிலே கணினி வைத்திருக்கும் ஒருவரை அளவுகோலாகக் கொள்வது பயனுடையது. வடக்கே எழுவைதீவையும் தெற்கே நயினாதீவையும் அயலாகக் கொண்ட இத்தீவுக்குப் பாலமில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து படகேறியே செல்லவேண்டும். தேசிய மின்வலையுடன் இணையாத இத்தீவு நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கியையே நம்பிவந்தது. அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று முதலியவற்றைக் கலந்து மின்வழங்கும் திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடனான உடன்படிக்கை 2022 மார்ச்சு மாதத்திலேதான் கைச்சாத்தாயிற்று. இத்தகைய இடத்திலே கணினி ஒன்று பழுதடையின் அதனைத் தூக்கிக்கொண்டு கடல் கடக்கவேண்டும். நகரத்துப் பயனர் அயலிலுள்ள கடைக்காரரையோ நண்பரையோ கேட்டு மறைத்துவிடும் குறைகள் யாவும் இங்கே மறைவின்றிப் புலப்படும். படகிலே செல்பவர் இயந்திரத்தின் நுட்பத்தைக் கேட்பதில்லை. நாளையும் படகு உண்டா என்றே கேட்பர். கணினிப் பயனர் கேட்பதும் அதுவேயாகும்.

சிறு வணிக வழங்கல்களின் வரலாற்றை இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், அவை பெரும்பாலும் இக்கேள்விக்கு விடையளிக்க முயலாமல் வேறொரு கேள்விக்கே விடையளித்தமை தெரியவரும். கனடாவின் கோரல் நிறுவனம் 1999இல் டெபியனை அடிப்படையாகக் கொண்டு ஒரு வழங்கலை வெளியிட்டது. ஈராண்டு கழியுமுன்னர் அதனைக் கைவிட்டது. அதன் எச்சத்திலிருந்து சான்ட்ரோஸ் தோன்றியது. 2001இல் மைக்கல் றொபேட்சன் அமெரிக்காவிலே லின்டோஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பெயரிலேயே விண்டோசை நினைவூட்டிய அவ்வழங்கல், விண்டோஸ் மென்பொருள்கள் தன்மீது இயங்கும் என்ற உறுதியுடன் புறப்பட்டு, விரைவிலேயே அவ்வுறுதியைக் கைவிட்டது. 2002இல் வோல்மார்ட் நிறுவனம் அதனைத் தாங்கிய கணினியை 199 டொலருக்கு விற்றது. பெயர் குறித்து மைக்ரோசொப்ட் தொடுத்த வழக்கு, 2004இல் அந்நிறுவனமே 20 மில்லியன் டொலர் கொடுத்து லின்டோஸ் என்னும் பெயரைக் கைவிடச்செய்த இணக்கத்துடன் முடிந்தது. லின்ஸ்பயர் எனப் பெயர் மாறிய அவ்வழங்கலை 2008இல் சான்ட்ரோஸ் வாங்கியது; பின்னர் சான்ட்ரோசும் மேசைக் கணினித் துறையிலிருந்து மறைந்தது.

இவ்வரலாற்றிலே நகைப்புக்கிடமானவை பல இருப்பினும், அதன் அடிப்படைத் தவறு ஆராயத்தக்கது. இந்நிறுவனங்கள் பயனரை விண்டோசின் தோற்றத்தை விரும்புபவராகக் கண்டன. எனவே அத்தோற்றத்தைக் குறைந்த விலையிலே விற்க முற்பட்டன. ஆனால் ஒன்றைப் போன்ற பிறிதொன்று, அதனோடு ஒப்பிடப்படும்பொழுதெல்லாம் தோற்கும். போலியின் மதிப்பு மூலத்தின் மதிப்பிலும் உயராது என்பது இலக்கிய மாணவர் நன்கறிந்த உண்மை.

விலைக்குறைவு என்னும் வாதம் தமிழ்ச் சூழலிலே மேலும் வலுவிழந்து நிற்கின்றது. இலங்கையின் புலமைச் சொத்துச் சட்டம் 2003ஆம் ஆண்டிலே நிறைவேற்றப்பட்டு, கணினி நிரல்களுக்கும் பாதுகாப்பளித்தது. எனினும் அனுமதியற்ற விண்டோஸ் பிரதிகள் இறுவட்டுக்களிலே கைமாறி வந்தமையை எவரும் மறுக்கார். களவுப்பிரதி இலவசமாகக் கிடைக்குமிடத்திலே, இலவசம் என்று கூறி ஒன்றைப் பரப்ப இயலாது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் பலர் இதனை உணராமல், பணம் மிச்சமாகும் என்பதையே முதல் வாதமாக முன்வைத்தனர். அது எவரையும் அசைக்கவில்லை, அசைக்கவும் மாட்டாது.

சந்தை ஆதிக்கமே தோல்விக்குக் காரணம், வழங்கல்களின் குறையன்று என்பர் சிலர். புதிய கணினிகளிலே விண்டோஸ் முன்கூட்டியே நிறுவப்பட்டு வந்தமை பிறவற்றுக்குக் கதவடைத்தது என்ற அவர்களது கூற்றிலே உண்மை உண்டு. ஆயின் 2007இல் தாய்வானின் அசூஸ் நிறுவனம் ஈ பீசி என்னும் சிறு மடிக்கணினியை சான்ட்ரோசை நிறுவியே விற்றது. கதவு திறந்தே இருந்தது. மைக்ரோசொப்ட் தன் பழைய எக்ஸ்பியின் ஆயுளை இத்தகைய மலிவுக் கணினிகளுக்கென 2008இல் நீடித்தது ஒருபுறமாக, பழக்கமற்ற முறைமையுடன் தனித்து விடப்பட்டமை மறுபுறமாக வாங்குவோர் எக்ஸ்பிப் பிரதிகளுக்கே திரும்பினர். முன்கூட்டி நிறுவுதல் வாயிலைத் திறக்கும். உள்ளே வந்தவரை இருக்கச்செய்வது வேறொன்று.

அவ்வேறொன்று யாது? முதலாவதாக, எழுத்து. அனலைதீவுப் பயனர் கணினியிலே செய்யும் வேலைகளுட் பெரும்பாலானவை தமிழிலே எழுதுதலும் வாசித்தலும் ஆகும்: பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம், பாடசாலையின் வினாத்தாள், கோயில் திருவிழாவின் துண்டுப்பிரசுரம், சங்கத்தின் கூட்ட அறிக்கை. தமிழ் 1991இலேயே ஒருங்குறியிலே இடம்பெற்றதாயினும், ஈழத்திலே பல ஆண்டுகள் பாமினி முதலிய எழுத்துருக்களே வழக்கிலிருந்தன. இவற்றிலே ‘அ’ என்னும் எழுத்து உண்மையில் ஓர் ஆங்கில எழுத்தாகவே சேமிக்கப்படுகின்றது. எழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். ஒருங்குறியிலோ இடர் வேறு வகையினது. ‘கொ’ என்பதிலே உயிர்க்குறி மெய்யின் இரு மருங்கும் அமையும். கணினி அதனை மெய்யின் பின் வைத்தே சேமிக்கும். காட்டும்போது உரிய இடத்திலே பிரித்து அமைக்கும் பொறிமுறை வேண்டும். இரண்டாயிரத்தின் முற்பகுதியிலே லினக்சின் மென்பொருள்கள் சில இதனைச் சரியாகச் செய்தன; சில கொம்பை இடம்மாறிக் காட்டின. ஒரே திரையிலே ஒரே சொல் இருவகையாகத் தோன்றின் எவர் அதனை நம்புவர்? ஹார்ப்பஸ் என்னும் பொது எழுத்தமைப்புப் பொறி பரவிய பின்னரே இக்குறை பெருமளவு நீங்கியது. அதனை நீக்கியது எந்தச் சிறு வணிக வழங்கலும் அன்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

விசைப்பலகை பற்றியும் இவ்வாறே கூறவேண்டும். தமிழகம் 1999இலே தமிழ்99 அமைப்பை ஏற்றுக்கொண்டது. இலங்கையின் நியமமோ தட்டச்சு வழிவந்த றெங்கநாதன் அமைப்பாகும். பாமினியிலே பழகிய கை இவற்றுள் எதனையும் உடனே ஏற்பதில்லை. தமிழ் உண்டு என்று பட்டியலிலே குறிப்பிடும் வழங்கல், எந்தத் தமிழ், எந்தக் கைக்கு என்று கேட்பதில்லை. நெடுங்காலம் தமிழைத் தெரிந்தவுடன் இந்தியாவும் தெரியப்பட்டதாகவே கொள்ளப்பட்டது. இலங்கைத் தமிழுக்கெனத் தனி இட அமைப்புப் பின்னரே சேர்ந்தது. தன்னார்வலர் பலர் ஊதியமின்றி உழைத்துக் கேடீயீ, க்னோம், ஒபின் ஒபிஸ் முதலியவற்றைத் தமிழாக்கினர். அவர்தம் பணி போற்றற்குரியது. ஆனால் பாடசாலை நூலிலே ‘பணிசெயல் முறைமை’ என்று கற்ற மாணவி திரையிலே ‘இயங்குதளம்’ என்று காண்கின்றாள்; பட்டியலின் ஒருபாதி தமிழிலும் மறுபாதி ஆங்கிலத்திலும் நிற்கின்றது. பதிப்பாசிரியன் செய்யவேண்டிய பணி இதுவே: கிடைத்தவற்றை அப்படியே அச்சிடாது, ஒருசீர்மைப்படுத்தித் தருதல்.

இரண்டாவதாக, மாறாமை. கணினியை விரும்பிக் கற்போர் புதுமையை நாடுவர். கணினியால் வேலை செய்வோர் நேற்றிருந்த இடத்திலே இன்றும் பொத்தான் இருக்கவேண்டும் என்பர். லினக்ஸ் உலகு முன்னவருக்காகவே பின்னவரைப் பலமுறை இடர்ப்படுத்தியுள்ளது. 2008 சனவரியில் வெளிவந்த கேடீயீ 4 முதிராத நிலையிலேயே பயனரிடம் வந்துசேர்ந்தது. 2011இல் க்னோம் 3 பழைய மேசைத் தோற்றத்தை முற்றாக மாற்றியது. அதே ஆண்டிலே உபுண்டு யூனிற்றி என்னும் தோற்றத்தை முதன்மையாக்கி, 2017இலே அதனைக் கைவிடுவதாக அறிவித்தது. பழைய க்னோமைத் தொடரும் மாட்டே திட்டம் தோன்றியமையும், லினக்ஸ் மின்ட் வழங்கலுக்குப் பயனர் பெருகியமையும் இவற்றுக்கு எழுந்த மறுமொழியே. பயனர் வாய்திறந்து கேட்டது புதிய தோற்றமன்று, பழைய தோற்றத்தின் பாதுகாப்பு என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவதாக, விற்றவர் நிலைத்திருத்தல். இவ்விடத்திலே சிறு நிறுவனங்களின் நிலை இரங்கத்தக்கது. 1998இல் பிரான்சிலே கேல் டுவால் தொடக்கிய மன்ட்ரேக், எளிதில் நிறுவத்தக்கதாயும் புதியவருக்கு உகந்ததாயும் அமைந்து பெயர்பெற்றது. லின்டோசைப் போலன்றி, அது உண்மையான பதிப்புப் பணியைச் செய்தது. எனினும் 2003இல் நீதிமன்றப் பாதுகாப்பை நாட நேர்ந்தது, 2005இல் பிரேசிலின் கொனெக்ரிவாவை இணைத்து மன்ட்ரிவா ஆயிற்று, 2006இல் நிறுவியவரையே வேலைநீக்கியது, 2015இல் கலைக்கப்பட்டது. பெரியவையும் விதிவிலக்கல்ல. பெட்டியிலிட்டு விற்ற மேசைக் கணினி வழங்கலை நிறுத்தும் முடிவை றெட் ஹற் 2003இலே அறிவித்து, வணிக நிறுவனங்களின் சேவையகங்களையே நோக்கித் திரும்பியது. அங்கே நிறுவனங்கள் ஆண்டுதோறும் பணம் கொடுத்தன. அவை வாங்கியது மென்பொருளையன்று, பொறுப்பையே. 2019இல் ஐபிஎம் றெட் ஹற்றை 34 பில்லியன் டொலருக்கு வாங்கியமை அப்பொறுப்பின் மதிப்பைக் காட்டும். மேசைக் கணினிப் பயனரும் அதனையே விரும்பினார். ஆனால் அவருக்கு விற்கப்பட்டது பெட்டி மட்டுமே.

கட்டற்ற உரிமத்தின் உண்மையான சிறப்பு இங்கேதான் வெளிப்படுகின்றது. மன்ட்ரிவா தளர்ந்தபோது அதன் பணியாளரும் ஆர்வலரும் 2010இல் மஜேயா என்னும் வழங்கலைத் தோற்றுவித்தனர். பதிப்பகம் அழியினும் மூலம் அழியவில்லை. பிறிதொரு கை அதனைப் படியெடுத்தது. தனியுரிமை மென்பொருளிலே இது நிகழ இயலாது. ஆயினும் இச்சிறப்பு ஆர்வலருக்கு ஆறுதலளிக்குமேயன்றி, தீவிலே தனித்திருக்கும் பயனருக்குத் தானாக உதவாது. ஒரு வழங்கலிலிருந்து மற்றதற்குக் கோப்புக்களையும் எழுத்துருக்களையும் அச்சுப்பொறியையும் பெயர்த்துத் தர ஒருவர் வேண்டும். உரிமம் உரிமையைத் தருகின்றது, ஆளைத் தருவதில்லை.

அரசுகள் அந்த இடத்தை நிரப்ப முயன்றதுண்டு. தமிழகத்தின் எல்கொட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்திலே சூசே லினக்சை ஏற்றது. சென்னையிலுள்ள சீடாக் 2007இல் டெபியனை அடியொற்றிய பாஸ் வழங்கலை வெளியிட்டது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலே விண்டோசும் பாசும் அருகருகே வைத்து மாணவருக்கு வழங்கப்பட்டன. அருகருகே வைத்தல் தெரிவுச் சுதந்திரம் போலத் தோன்றினும், ஆசிரியரும் அயலாரும் எதனை அறிவாரோ அதனையே மாணவர் தெரிவர். இலங்கையிலே 2009இல் பெடோராவை அடிப்படையாகக் கொண்டு வெளிவந்த ஹந்தான லினக்ஸ், பேராதனையை அணைந்து நிற்கும் மலைத்தொடரின் பெயரைத் தாங்கியது. இணைய வசதி குன்றியோரும் பயன்பெறுமாறு வேண்டிய மென்பொருள்களை ஒரே வட்டிலே நிறைத்துத் தந்தமை அதன் தனிச்சிறப்பு. இடமறிந்து செய்த பதிப்பு என்ற பாராட்டு அதற்கு உரியது. ஆனால் தன்னார்வலரின் ஓய்வுநேரத்தை நம்பிய பணி அவ்வோய்வுநேரத்தின் எல்லைக்குட்பட்டது. பணம் பெறாத கை இடையிலே விலகின் அதனைக் கடிந்துகொள்ள எவருக்கும் உரிமையில்லை. வணிகம் என்பது இழிவன்று; பெற்ற கூலிக்குக் கணக்குக் கேட்கும் உரிமையை அது பயனருக்கு வழங்குகின்றது.

இதற்கிடையே லினக்ஸ் வேறொரு வாயிலால் வீடுதோறும் நுழைந்துவிட்டது. 2008இலிருந்து விற்பனையாகும் அன்ட்றொய்ட் கைத்தொலைபேசிகளின் உள்ளே இயங்குவது லினக்ஸ் கருநிரலே. தீவகத்தார் அதனை லினக்ஸ் என்று அறிந்து வாங்கினாரல்லர். தமிழ் எழுதிற்று; பழுதுற்றால் கடைக்காரர் பார்த்தார்; அவ்வளவே போதுமாயிருந்தது. லினக்ஸ் மக்களுக்குக் கடினமானது என்னும் பழங்கூற்று இதனாற் பொய்யாயிற்று. எனினும் இதனை வெற்றி என்று மட்டும் கொண்டாடலாகாது. சில ஆண்டுகளிலே திருத்தங்கள் நின்றுபோக, நன்கு இயங்கும் கருவி கைவிடப்படுகின்றது. பயனர் பொறுப்பை நாடினார். பொறுப்புடன் பிறர் ஆதிக்கமும் வந்துசேர்ந்தது.

மேசைக் கணினியிலும் இவ்வினா இப்பொழுது கூர்மையடைந்துள்ளது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14இல் முடித்தது. அடுத்த வெளியீடு கேட்கும் பாதுகாப்புச் சில்லு முதலியன பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. புலம்பெயர்ந்த உறவினரும் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ப் பாடசாலைகளுக்கு அன்பளித்த கணினிகள் இவற்றுள் அடங்கும். அவை பழுதானவையல்ல, பிறரொருவரின் நாட்காட்டியால் முதுமை எய்தியவை. அயர்லாந்திலே இரு சகோதரர் 2009இல் முதன்முதலாக வெளியிட்ட சோரின் போன்ற வழங்கல்கள் இவ்வேளையை நன்கு உணர்ந்துள்ளன. அடிப்படைப் பதிப்பை இலவசமாகவும், நிறுவுதற்கான உதவியுடன் கூடிய விரிந்த பதிப்பை விலைக்கும் தரும் அதன் முறை, லின்டோசின் வழியிலும் நேர்மையானது. ஆயினும் டப்ளினிலிருந்து வரும் உதவி றெங்கநாதன் விசைப்பலகையை அறியாது; பாமினியிலே கிடக்கும் பத்தாண்டுக் கூட்ட அறிக்கைகளை ஒருங்குறிக்கு மாற்றித் தராது.

எனவே தமிழ்ப் பயனருக்கு வேண்டுவது மற்றுமொரு புதிய பெயருடைய வழங்கலன்று. ஏற்கெனவே உள்ள உறுதியான ஒரு மூலத்தைத் தெரிந்து, தமிழ் எழுத்தையும் விசைப்பலகையையும் சொற்களையும் சீர்செய்து, ஐந்தாண்டேனும் மாற்றாது காத்து, கேட்டபோது தமிழிலே மறுமொழி கூறி, அதற்குரிய சிறு கட்டணத்தை வெளிப்படையாகப் பெறும் ஒரு நிறுவனமே வேண்டுவது. அது யாழ்ப்பாணத்திலே இருப்பின் நன்று. அதன் வாடிக்கையாளர் தனியாளாக இருப்பதிலும் பாடசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள், நூலகங்கள் ஒன்றுசேர்ந்த தொகுதியாக இருப்பின், கட்டணமும் தாங்கத்தக்கதாகும், நிறுவனமும் நிலைக்கும். கலைச்சொற்களை ஒருசீர்மைப்படுத்தும் பணியிலே பல்கலைக்கழகத் தமிழ்த்துறையினரும் கணினித்துறையினரும் ஒருங்கமர வேண்டியதும் இதனாற் பெறப்படும். இது எவர்க்கும் செய்யும் தருமமன்று. தமிழிலே எழுதப்பட்டவை நாளையும் வாசிக்கப்படுமா என்னும் வினாவோடு பிணைந்தது.

சிறு வணிக வழங்கல்கள் தோற்றமைக்குக் காரணம் அவை சிறியனவாயிருந்தமையோ வணிகம் செய்தமையோ அன்று. விற்கவேண்டியதை விற்காது, விற்கத் தேவையில்லாததை விற்றமையே. மூலம் எவர்க்கும் பொது, பதிப்புக்கு விலையுண்டு, அவ்விலை பொறுப்பின் விலை. ஊர்காவற்றுறையில் முன்மாலையிலே இணைப்பு அறுந்துபோகும் ஒரு கேள்விக்கு மறுநாட் காலையிலாவது விடை கூறுவோர் உளரேல், அனலைதீவிலிருக்கும் கணினியிலே எம்முறைமை இயங்குகின்றது என்பதைப் பற்றி எவரும் கவலைகொள்ளார் என்பது இதுகாறும் கூறியவற்றாற் புலனாகும்.